கண்டோம்பிளே, உம்பாண்டா சமயங்களில் கர்ப்பிணிகளுக்கான நெறிகள்: ஒரு கேள்வியும் பதில்களும்

கேள்வி: பேறுகாலச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் கல்லூரி ஒன்றில் பேறுகாலப் பராமரிப்பு கற்பிக்கிறேன். சமய நம்பிக்கைகளும் கர்ப்ப காலமும் என்ற பொருளில் அடுத்த பருவத்துக்குப் பாடக் குறிப்புகள் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பிற சமயங்களைப் பற்றி வேண்டிய அளவு நூல்கள் கிடைக்கின்றன. பிரேசிலின் கண்டோம்பிளே, உம்பாண்டா ஆகிய ஆப்பிரிக்க வழிச் சமயங்களைப் பற்றித் தேடும்போதுதான் திகைப்பாக இருக்கிறது. ஒரு கட்டுரை அவற்றை இயற்கையோடு இயைந்த தாய்மை வழிபாடு என்று கொண்டாடுகிறது. மற்றொன்று அருள் வந்து ஆடும் கர்ப்பிணிகள், இரத்தப் பலி, மூலிகைக் கஷாயம் என்று அச்சுறுத்துகிறது. ஒரு கர்ப்பிணி அங்கே உண்மையில் என்ன செய்கிறாள், எதைத் தவிர்க்கிறாள் என்பது இரண்டிலும் இல்லை.

நான் அறிய விரும்புவது இவைதான். கருவுற்ற பெண்ணுக்குத் தீட்சை தருகிறார்களா, அவள் மீது தெய்வம் இறங்குவதை அனுமதிக்கிறார்களா? இலைகளால் நீராட்டுகிறார்கள் என்கிறார்களே, அவை என்ன இலைகள், குடிக்கவும் கொடுக்கிறார்களா? மருத்துவமனைக்குச் செல்வதை இந்தச் சமயங்கள் தடுக்கின்றனவா? அங்கே வாழ்ந்தவர்களோ முறையாகப் படித்தவர்களோ விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: சல்வடோர்வாசி

வணக்கம் அம்மா. சமயவியல் ஆய்வுக்காகப் பாஹியா மாநிலத்தின் சல்வடோர் நகரில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்டோம்பிளேயில் கர்ப்பிணிக்கென்று சடங்குகள் கூட்டப்படுவதைவிட, அவள் ஏற்கெனவே செய்துவந்த சடங்குக் கடமைகள் குறைக்கப்படுவதே அதிகம். எதைச் சேர்ப்பது என்று தேடிய கட்டுரையாளர்கள் எதை விலக்குகிறார்கள் என்று கேட்கத் தவறியதால்தான் உங்களுக்கு இந்தத் திகைப்பு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா, ஃபோன் மக்களும், அங்கோலா, காங்கோ பகுதிகளின் பாண்டு மொழி பேசியவர்களும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தங்கள் வழிபாடுகளைப் பிரேசிலில் மறுபடி கட்டியெழுப்பிய வடிவமே கண்டோம்பிளே. அதனால்தான் இன்றும் கெத்து, ஜெஜே, அங்கோலா என்று வழிபாட்டு மரபுகள் பிரித்துச் சொல்லப்படுகின்றன. வழிபாட்டு இடத்துக்குத் தெரேய்ரோ என்று பெயர். அது ஆலயமும் குடும்பமும் ஒன்றாகக் கலந்த வீடு. தலைமைப் பூசகி, அதாவது மாய் தி சாந்து, தம்மிடம் தீட்சை பெற்ற அனைவருக்கும் தாய். அந்த வீட்டுக்கு மேல் அதிகாரம் செலுத்தும் மடமோ திருச்சபையோ கிடையாது. ஆகவே நான் கீழே சொல்பவை பல வீடுகளுக்குப் பொதுவானவையே தவிர, எல்லா வீடுகளையும் கட்டுப்படுத்தும் விதிகள் அல்ல.

இனி தீட்சைக்கு வருகிறேன். ஒருவர் தமது தலைக்குரிய தெய்வமாகிய ஒரிஷாவுக்குத் தீட்சை பெறும்போது, ரொங்கோ எனப்படும் உள்ளறையில் வழக்கமாக 21 நாள் தனித்திருக்க வேண்டும். பாயில் படுக்க வேண்டும், தலை மழிக்கப்படும், தோலில் சிறு கீறல்கள் இடப்படும், விடியலுக்கு முன் நீராட்டு நடக்கும். வெளியே வந்த பிறகும் வெண்ணிற உடை, தாம்பத்திய விலக்கு, உணவு விலக்குகள் எனக் கட்டுப்பாடுகள் மாதக்கணக்கில் தொடரும். கருவுற்ற பெண்ணுக்கு இவ்வளவையும் சுமத்தப் பெரும்பாலான பூசகிகள் விரும்புவதில்லை. குழந்தை பிறந்து தாய் தேறும் வரை தள்ளிவைக்கிறார்கள். தள்ளிவைக்க முடியாத சூழல்களும் உண்டு. உள்ளறையில் இருக்கும்போதுதான் கரு உண்டானது தெரியவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சடங்கைப் பாதியில் நிறுத்துவதா முடிப்பதா என்பதைச் சோழி உருட்டிக் கேட்கிறார்கள். அப்படித் தாயின் தீட்சையின்போது வயிற்றில் இருந்த குழந்தையை அபியாஷே என்கிறார்கள். அஷே என்பது இச்சமயத்தின் அடிப்படையான அருளாற்றல். அந்தக் குழந்தை அதைக் கருவிலேயே பெற்றுவிட்டதாகக் கருதி, பிற்காலத்தில் அதற்கு வேண்டிய சடங்குகளைப் பல வீடுகள் வேறுவிதமாக அமைக்கின்றன.

தெய்வம் இறங்குவது பற்றி வீடுகளுக்கிடையே உண்மையாகவே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரிஷா தன் பிள்ளைக்குத் தீங்கு செய்யாது, ஆகவே அஞ்சத் தேவையில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். கருவில் இருக்கும் குழந்தைக்குத் தனித்தலை உண்டு, அந்தத் தலைக்கு வேறொரு ஒரிஷா உரியதாக இருக்கலாம், இரண்டு தலைகள் உள்ள உடலைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நடைமுறையில் நான் கண்டது இதுதான். முரசு முழங்கும் இரவுகளில் கர்ப்பிணி ஆடும் வட்டத்தில் சேர்வதில்லை. சுவரோரம் நாற்காலியில் அமர்த்தப்படுகிறாள். எக்கெஜி என்று ஒரு பதவி உண்டு. தமக்கு அருள் வராத, அருள் வந்தவர்களைத் தாங்கிப் பிடித்து வியர்வை துடைக்கும் பெண்கள் அவர்கள். தோளில் துவாலையோடு நிற்கும் எக்கெஜிகளில் ஒருவர் கர்ப்பிணியின் மேல் கண்ணாகவே இருப்பார். தலை தொங்கத் தொடங்கினாலோ தோள் துடித்தாலோ உடனே உள்ளே அழைத்துச் சென்று நெற்றியிலும் பிடரியிலும் நீர் தடவி அமர்த்திவிடுவார்.

வணக்க முறையிலும் சலுகை உண்டு. ஆண் தெய்வத்துக்குரியவர்கள் பூசகியின் முன் குப்புற விழுந்து வணங்க வேண்டும். பெண் தெய்வத்துக்குரியவர்கள் இரு பக்கமும் சரிந்து படுத்து வணங்க வேண்டும். வயிறு வெளித்தெரியத் தொடங்கிய பிறகு மண்டியிட்டுத் தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

மிகக் கண்டிப்பான விலக்கு இறந்தோர் தொடர்பானது. தீட்சை பெற்றவர் இறந்தால் நடக்கும் அஷெஷே என்னும் இறுதிச் சடங்குக்குக் கர்ப்பிணிகள் வருவதில்லை, இடுகாட்டுக்கும் போவதில்லை. கர்ப்பிணியின் உடல் திறந்திருக்கிறது, இறந்தோரின் ஆவி அதை எளிதில் அண்டும் என்பது காரணம். இதற்காகவே பனையோலை நாரைப் பின்னிக் கையில் காப்பாகவும் இடுப்பில் கயிறாகவும் கட்டும் வழக்கம் இருக்கிறது.

சேர்க்கப்படுபவை என்றால் பெரும்பாலும் ஒஷும் என்னும் பெண் தெய்வத்துக்கானவை. நன்னீர், பொன், தேன், அழகு ஆகியவற்றுக்கு உரியவளான ஒஷுமே கருப்பையின் காவல். குழந்தை பேசத் தொடங்கும் வரை அவளுடைய பொறுப்பில் இருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. இவளைப் பற்றிய பழங்கதை ஒன்றை உங்கள் மாணவியருக்கு நீங்கள் சொல்லலாம். உலகுக்கு வந்த ஆண் தெய்வங்கள் தங்கள் அவைக்குப் பெண்களை அழைக்கவில்லை. சினமுற்ற ஒஷும் பெண்கள் அனைவரையும் மலடாக்கிவிட்டாள். ஆண் தெய்வங்கள் எடுத்த காரியம் எதுவும் கைகூடவில்லை. முழுமுதற் கடவுளாகிய ஒலோதுமாரேயிடம் முறையிட்டபோது, ஒஷுமை அவைக்கு அழைத்தீர்களா என்று மட்டும் அவர் கேட்டார். பலமுறை கெஞ்சிய பிறகே அவள் இணங்கினாள், வயிறுகள் நிறைந்தன. கண்டோம்பிளேயின் பழம்பெரும் வீடுகளில் தலைமை பெண்களிடமே இருந்துவருவதோடு இந்தக் கதையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சல்வடோரின் கந்தோய்ஸ் தெரேய்ரோவை 1922 முதல் 1986 வரை நடத்திய மாய் மெனினீன்யா ஒஷுமின் மகள்.

ஒஷுமுக்குப் படைக்கும் ஒமோலோக்கும் என்ற உணவு நமக்கு அந்நியமானதல்ல. தட்டைப்பயற்றை வேகவைத்து, வெங்காயமும் உலர்ந்த இறாலும் சேர்த்துச் செம்பனை எண்ணெயில் கிளறி, மேலே அவித்த முட்டைகளை உரித்து வட்டமாக அடுக்குவார்கள். முட்டை கருவுக்கு அடையாளம். பிள்ளை வேண்டுபவர்களும் கரு நிலைக்க வேண்டுபவர்களும் இதை நேர்ந்துகொள்கிறார்கள். படைத்த உணவின் பெரும்பகுதி வீட்டார் உண்பதற்கே; புரதம் குறையாத உணவு என்று உங்கள் துறையினர் மகிழலாம்.

பதில் 2: பச்சிலை

மருந்தியல் துறையைச் சேர்ந்தவன். இலைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இலை இல்லையேல் ஒரிஷா இல்லை என்ற பொருளில் யொருபா மொழியில் ஒரு சொலவடை உண்டு. இலைகளுக்கென்றே ஒஸ்ஸாயின் என்னும் தெய்வம் இருக்கிறது. இலைகளை இவர்கள் கிளர்ச்சி தருபவை, தணிப்பவை என்று பிரிக்கிறார்கள். உம்பாண்டாவில் நேரடியாகச் சூட்டிலை, குளிர்ந்த இலை என்றே சொல்வார்கள். நம் ஊர்ப் பாட்டிமாருக்கு விளக்கமே தேவைப்படாத பிரிவு இது. கர்ப்பிணிக்குத் தணிக்கும் இலைகள் மட்டும் என்பது பொது நெறி.

நீராட்டு நீரை வழக்கமாகக் கொதிக்கவைப்பதில்லை. காலையில் பறித்த இலைகளைக் குளிர்ந்த நீரில் இட்டு, அந்தந்த இலைக்குரிய பாடலைப் பாடிக்கொண்டே கையால் கசக்கிப் பிழிவார்கள். நீர் பச்சையாகி நுரை கட்டியதும் வடிகட்டி உடம்பில் ஊற்றிக்கொள்வார்கள். தலையில் ஊற்றலாமா, கழுத்துக்குக் கீழ் மட்டுமா என்பதைப் பூசகி சொல்ல வேண்டும். மருந்தியல் நோக்கில், குடிப்பதற்கும் குளிப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. தீங்கு விளைவது பெரும்பாலும் தெரேய்ரோவில் சொன்ன குளியலால் அல்ல, சந்தையில் வாங்கிய அதே இலையை யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் காய்ச்சிக் குடிப்பதால்தான் என்பது என் கணிப்பு.

மூன்று இலைகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது அர்ரூதா. நம்மிடம் அருவதா என்றும் சதாப்பிலை என்றும் வழங்கும் அதே செடி. கண்ணேறு கழிக்கப் பிரேசில் முழுவதும் இதைப் பயன்படுத்துகிறார்கள். காதில் செருகிக்கொள்வதும் உண்டு. இது சூட்டிலை. கருப்பையைத் தூண்டும் என்ற காரணத்தால் பல நாடுகளில் கருக்கலைப்புக்குக் கையாளப்பட்டு நச்சுத்தன்மையால் உயிரையும் வாங்கியிருக்கிறது. கர்ப்பிணி இதைக் குடிக்கவே கூடாது. இதன் சாறு தோலில் பட்டு வெயிலில் நின்றால் தீப்புண் போன்ற கொப்புளம் எழும் என்பதால் குளியலுக்கும் ஏற்றதல்ல. இரண்டாவது கினே, பூண்டு வாடை வீசும் செடி. அடிமைகள் ஆண்டையின் உணவில் சிறிது சிறிதாகக் கலந்து அவனை மந்தமாக்கினார்கள் என்ற கதையால் ஆண்டையை அடக்கும் செடி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இதுவும் கர்ப்பத்தில் விலக்கத்தக்கது.

மூன்றாவதைப் பற்றிச் சற்று நீட்டி எழுதுகிறேன், ஏனெனில் அது தமிழ்நாட்டோடு தொடர்புடையது. ஒஷாலாவின் கம்பளம் என்று இவர்கள் அழைக்கும் மெத்தென்ற இலை, தெரேய்ரோவின் குளிர்ந்த இலைகளில் முதன்மையானது. வெண்மைக்கும் அமைதிக்கும் உரிய முதுபெருந்தெய்வமான ஒஷாலாவின் இலை. தாவரவியலில் கோலியஸ் பார்பேட்டஸ்; அதாவது சேலம், தருமபுரிப் பக்கம் ஒப்பந்தப் பயிராக விளைவிக்கும் மருந்துக்கூர்க்கன். நம்மவர்கள் கிழங்குக்காக வளர்க்கிறார்கள்; கிழங்கிலிருந்து எடுக்கும் ஃபோர்ஸ்கோலின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கவல்லது. பிரேசிலியர்கள் இலையைக் கையாளுகிறார்கள். போல்து என்ற பெயரில் செரிமானத்துக்கும் மதுவின் மறுநாள் தலைவலிக்கும் தேநீராகக் குடிக்கிறார்கள். எலிகளில் செய்த ஆய்வில் இதன் சாறு மிகுந்த அளவில் கருப்பதிவைத் தடுத்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே சமய வகைப்பாட்டில் குளிர்ந்த இலை என்பதற்காகக் கர்ப்பிணி இதைக் குடிக்கலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சூடு, குளிர்ச்சி என்ற பிரிவு சடங்குக்கு உரியது, நச்சியலுக்கு அல்ல. உங்கள் பாடத்தில் இந்த ஓரிடத்தையாவது அழுத்திச் சொல்லுங்கள்.

பதில் 3: தென்கரை

சல்வடோர்வாசி ஐயாவின் பதில் சிறப்பானது என்றாலும், கேள்வியில் உம்பாண்டாவும் இருந்தது. சல்வடோரின் பெரிய வீடுகளை வைத்தே ஆப்பிரிக்க வழிச் சமயங்கள் அனைத்தையும் விளக்கும் பழக்கம் ஆய்வாளர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. நாட்டின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்து வயதுக்கு மேற்பட்டோரில் 1.0 விழுக்காட்டினர் தங்களை உம்பாண்டா அல்லது கண்டோம்பிளேயைச் சேர்ந்தவர்கள் என்று பதிந்தனர். 2010இல் அது 0.3 விழுக்காடு. அவர்களின் பங்கு மிக அதிகமாக இருக்கும் மாநிலம் பாஹியா அல்ல. தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டே தோ சூல். நான் தொழில் நிமித்தம் சாவ் பாவுலோவில் குடியிருக்கிறேன். என் அண்டைவீட்டார் உம்பாண்டாக்காரர்கள்.

உம்பாண்டா 1908இல் ரியோ டி ஜெனீரோ நகருக்கு எதிர்க்கரையில், ஸேலியோ தி மொராயிஸ் என்ற இளைஞர் மீது ஒரு பழங்குடி ஆவி இறங்கிப் பேசியதிலிருந்து தொடங்கியதாக அதன் அடியார்கள் சொல்கிறார்கள். ஆப்பிரிக்கத் தெய்வங்களோடு கத்தோலிக்கப் புனிதர்களும், ஆலன் கார்தெக் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆவியுலகக் கொள்கையும் இதில் கலந்திருக்கின்றன. இங்கே 21 நாள் உள்ளறை வாசம் இல்லை. பெரும்பாலான வீடுகளில் விலங்குப் பலியும் இல்லை. எனவே கர்ப்பிணி தொடர்பான கேள்வியே வேறாகிறது. இங்கு இறங்குபவை பெரும்பாலும் ஒரிஷாக்கள் அல்ல, முன்னோர் ஆவிகள்: காட்டுவாசி வீரர்கள், குழந்தைகள், அடிமைக் காலத்து முதியவர்கள். வாராவாரம் இந்த ஆவிகளைத் தாங்கி, வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வது ஊடகரின், அதாவது ஆவி தம்மீது இறங்க இடமளிப்பவரின், தொண்டு. கருவுற்ற ஊடகர் இதைத் தொடரலாமா என்பதில் சில வீடுகள் கரு உறுதியான நாள் முதலே நிறுத்தச் சொல்கின்றன; சில வீடுகள் வயிறு பெருக்கும் வரை, வேகமாக ஆடும் ஆவிகளை விலக்கி, அமைதியான முதிய ஆவிகளை மட்டும் அனுமதிக்கின்றன. மறுபிறவி எடுக்கப்போகும் ஆன்மா கருவோடு ஏற்கெனவே பிணைந்திருக்கிறது, அதன் அருகில் வேறொன்றை வரவழைப்பது முறையல்ல என்பது நிறுத்தச் சொல்பவர்களின் வாதம். தொண்டிலிருந்து விலகிய ஊடகர்கள் மெழுகுவத்தி ஏற்றுவது, வருவோர் பெயர்களைக் குறிப்பது போன்ற பணிகளுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

கர்ப்பிணிகள் ஊடகராக அல்லாமல் ஆறுதல் தேடி வருவது இன்னும் அதிகம். அவர்கள் பெரும்பாலும் தேடுவது கிழவிகளின் ஆவியையே. குட்டை முக்காலியில் குனிந்து அமர்ந்து, குழாயில் புகைத்தபடி, ஒரு கொத்து இலையால் தலை முதல் கால் வரை நீவி மந்திரிப்பார் அந்தக் கிழவி. ஒரு செவிலி இதில் கவனிக்க வேண்டியது புகையைத்தான். மூடிய சிறு கூடத்தில் புகையிலையும் சாம்பிராணியும் மணிக்கணக்கில் நிறைந்திருக்கும். என் அண்டைவீட்டு அம்மா கர்ப்பமாக இருந்த மருமகளைச் சன்னலோரம் அமர்த்தி, முதல் ஆளாக மந்திரித்து அனுப்பிவிடச் சொல்லுவார். நல்ல ஏற்பாடாகவே எனக்குப் பட்டது. குழந்தை பிறந்த பிறகு உம்பாண்டாவிலேயே ஞானஸ்நானமும் ஞானப்பெற்றோரும் உண்டு; கத்தோலிக்க ஆலயத்தில் ஒருமுறை, இங்கே ஒருமுறை என இரண்டும் செய்துவிடும் குடும்பங்களும் இருக்கின்றன.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: பேறுகாலச் செவிலி

மூவருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருக்கிறது. இரண்டு சிறு கேள்விகள் எஞ்சுகின்றன. அபிக்கு என்று ஒரு சொல்லை அடிக்கடி காண்கிறேன். இறந்து இறந்து பிறக்கும் குழந்தை என்று ஓரிடத்திலும், தாயின் வயிற்றிலேயே தீட்சை பெற்ற குழந்தை என்று வேறோரிடத்திலும் விளக்கம் இருக்கிறது. எது சரி? மருத்துவமனை பற்றிய கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

பதில் 4: சல்வடோர்வாசி

சல்வடோரை வைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறோம் என்று தென்கரை நண்பர் சொன்ன குறை நியாயமானது.

அபிக்கு பற்றி நீங்கள் கண்ட இரண்டு விளக்கங்களும் வழக்கில் உள்ளவையே. நைஜீரியாவின் யொருபா நாட்டில், ஒரே தாயின் வயிற்றில் மீண்டும் மீண்டும் பிறந்து இளமையிலேயே இறந்துபோகும் ஆவிக் குழந்தையைத்தான் அப்படி அழைத்தார்கள். வானுலகத் தோழர்களோடு திரும்பிவிடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு வரும் குழந்தை அது என்பார்கள். பிரேசிலின் பல வீடுகளில் அபியாஷே என்பதும் இதுவும் ஒன்றோடொன்று கலந்து, கருவிலேயே தீட்சை பெற்றவரையும் அபிக்கு என்று அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆகவே ஒரு பெண் தன் குழந்தை அபிக்கு என்று சொன்னால், அவள் பெருமையாகச் சொல்கிறாளா அச்சத்தோடு சொல்கிறாளா என்பதைக் கேட்டறிந்த பிறகே நீங்கள் எதையும் எழுத வேண்டும்.

அச்சத்தோடு சொல்லப்படும் அபிக்குவுக்கு உங்கள் துறை சார்ந்த பக்கம் ஒன்று உண்டு. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறப்பதற்கு பரம்பரையாக வரும் இரத்த நோயான அரிவாள் செல் நோயும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். பிரேசிலிலேயே இந்த நோய் மிகுதியாகக் காணப்படும் மாநிலம் பாஹியா. அங்கே 650 பிறப்புகளுக்கு ஒன்று என்பது நலவாழ்வு அமைச்சகம் தரும் கணக்கு. 2001 முதல், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தச் சோதனையில் இதற்கான பரிசோதனையும் தேசிய அளவில் சேர்ந்திருக்கிறது. குழந்தைகளை இழந்த பெண் தெரேய்ரோவுக்கு வந்தால், சோழி பார்த்து எபோ என்னும் கழிப்புச் சடங்கு செய்யும் பூசகி, அவளை இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். அனுப்பும் பூசகிகளை எனக்குத் தெரியும். சல்வடோரின் ஒப்போ அஃபோன்ஜா தெரேய்ரோவின் தலைவியாக இருந்து 2018இல் மறைந்த மாய் ஸ்தெல்லாவே பொதுநலத் துறையில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் என்பதை உங்கள் மாணவியருக்குச் சொல்லுங்கள்.

இரட்டைக் குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யொருபா மக்களிடம் இரட்டைப் பிறப்பு மிக அதிகம். இபேஜி என்னும் இரட்டைத் தெய்வங்கள் பிரேசிலில் கோஸ்மே, தமியாவ் என்ற கத்தோலிக்கப் புனிதர்களோடு இணைந்துவிட்டன. இரட்டையர் பிறந்த வீட்டில் ஒவ்வொரு செப்டம்பரிலும் வெண்டைக்காய்க் குழம்பு சமைத்து, ஏழு சிறுவர்களைத் தரையில் அமர்த்தி, முதலில் அவர்கள் கையால் உண்ட பின்னரே மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள்.

பதில் 5: ஆவணம்

மருத்துவமனைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பொது நலவாழ்வுச் சட்டங்களோடு தொழில்முறைத் தொடர்பு உண்டு.

இந்தச் சமயங்கள் மருத்துவமனையைத் தடுப்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்கோ இரத்தம் ஏற்றுவதற்கோ பொதுவான தடையும் கிடையாது. அறுவைக்கு முன் எந்த நாள் நல்லது என்று சோழி பார்ப்பதுண்டு. அவசரம் என்றால் பார்ப்பதில்லை. இதற்கு எதிர்த்திசையில்தான் சிக்கல் இருந்திருக்கிறது. பாஹியாவில் தெரேய்ரோக்கள் விழா நடத்தக் காவல்துறையிடம் பதிவுசெய்ய வேண்டும் என்ற நிலை 1976 வரை நீடித்தது. அந்த நினைவு உள்ள குடும்பங்களின் பெண்கள் மருத்துவமனையில் தங்கள் சமயத்தை மறைப்பதிலும், கேட்டால் கத்தோலிக்கர் என்று சொல்லிவிடுவதிலும் வியப்பில்லை.

சட்டம் இன்று அவர்கள் பக்கம் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் 9,982ஆம் எண் சட்டம், எந்தச் சமயத்தின் குருவும் அரசு, தனியார் மருத்துவமனைகளில் நோயாளியின் விருப்பத்தோடு அவரைச் சந்திக்க இடமளிக்கிறது. 2005ஆம் ஆண்டின் 11,108ஆம் எண் சட்டம், பொது நலவாழ்வு அமைப்பின் மருத்துவமனைகளில் பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் உடனடிப் பின்காலத்திலும் பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை ஒருவரை உடன்வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தது. இரண்டும் தனித்தனி உரிமைகள். கணவரைத் துணையாகக் குறித்துவிட்டால் பூசகி வர முடியாது என்று பல பெண்கள் நினைக்கிறார்கள்; பூசகி சமய குரு என்ற முறையில் வரலாம், மருத்துவமனையின் நேர, சுகாதார விதிகளுக்கு மட்டும் கட்டுப்பட வேண்டும். கறுப்பின மக்களுக்கான முழுமையான நலவாழ்வுக் கொள்கை 2009இல் வந்தபோது, ஆப்பிரிக்க வழிச் சமயங்கள் காத்துவந்த அறிவையும் அது ஏற்றுக்கொண்டது. தெரேய்ரோக்களையும் நலவாழ்வுப் பணியாளர்களையும் இணைக்கும் தேசிய வலையமைப்பு ஒன்று 2003 முதல் இயங்கிவருகிறது.

சட்டம் இருப்பது வேறு, பெண் உயிரோடு வீடு திரும்புவது வேறு. 2002இல் ரியோவின் புறநகர்ப் பகுதியில், ஆறு மாதக் கர்ப்பிணியான ஆலினே த சில்வா பிமென்தெல் என்ற 28 வயதுக் கறுப்பினப் பெண், வயிற்றுவலியோடு மருத்துவ உதவி தேடிப்போய், உரிய நேரத்தில் உரிய சிகிச்சை கிடைக்காமல் நோவா இகுவாசு நகரில் இறந்தார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு 2011இல் பிரேசில் அரசை இதற்குப் பொறுப்பாக்கியது. தாய் இறப்பு ஒன்றுக்காகப் பன்னாட்டு மனித உரிமை அமைப்பு ஒரு நாட்டைப் பொறுப்பாக்கிய முதல் தீர்ப்பு அது. 2024இல் அரசு தன் பேறுகாலப் பராமரிப்புத் திட்டத்துக்கே ஆலினே வலையம் என்று பெயரிட்டது. அதே நோவா இகுவாசுவில்தான் மாய் பெயாத்தா தி இயெமான்ஜா 2017இல் இறக்கும் வரை தம் தெரேய்ரோவை நடத்தினார். அவருடைய பிறப்பே ஒரு பேறுகாலக் கதை. 1931 சனவரி 20 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியான அவருடைய தாய் மீன் உண்ணும் ஆசையில் ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கும்போது பனிக்குடம் உடைந்தது; வீட்டை நோக்கி ஓடியவருக்கு நாற்சந்தியிலேயே பிள்ளை பிறந்தது. கரும்பாலைத் தோட்டத்தின் மருத்துவச்சியாக இருந்த ஆப்பிரிக்க மூதாட்டி ஒருவர் தாயையும் சேயையும் வீட்டுக்கு அழைத்துச் சென்று, இவள் நாற்சந்திகளுக்கு உரிய எஷுவுக்கும் நீருக்கு உரிய தாய்த் தெய்வமான இயெமான்ஜாவுக்கும் பிள்ளை என்று சொன்னாராம். பிரசவம் பார்த்தவரும் தெய்வத்தை அறிந்து சொன்னவரும் ஒருவராகவே இருந்தார் என்பதைத்தான் நான் இதில் கவனிக்கிறேன்.

பேறுகாலச் செவிலி

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. பதில் 1இல் சொன்ன ஓலைக் காப்பு, இடுப்புக் கயிறு ஆகியவற்றையும், அடியார்கள் கழுத்தில் அணியும் மணிமாலையையும் பிரசவ அறையில் என்ன செய்வது? அறுவை அரங்கில் எதையும் விட்டுவைக்க மாட்டார்களே.

பதில் 6: சல்வடோர்வாசி

மணிமாலையில் சிக்கல் இல்லை. தீட்சைக் காலத்தில் கழுத்தோடு கட்டப்படும் மாலையைத் தவிர மற்றவற்றைக் கழற்றலாம். வெள்ளைத் துணியில் சுற்றித் துணையாக வந்தவரிடம் கொடுக்க வேண்டும். மற்ற நகைகளோடு நெகிழிப் பையில் போட்டு முடிந்துவைத்தால் மனம் வருந்துவார்கள். ஓலைக் காப்பைக் கட்டியவர் அல்லது அவர் சொன்னவர் அவிழ்ப்பதே முறை. கையில் ஊசி ஏற்றவோ அழுத்தமானி கட்டவோ இடைஞ்சல் இல்லையென்றால், மேலே துணிக்கட்டுப் போட்டு விட்டுவிடும் செவிலியர் உண்டு. அறுவை என்றால் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தே ஆக வேண்டும். பெரும்பாலான பூசகிகள் இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, ஏழாவது எட்டாவது மாதத்தில் தாமே அவிழ்த்துவிடுகிறார்கள், அல்லது யார் அவிழ்க்கலாம் என்று சொல்லிவைக்கிறார்கள். கேட்காமல் கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் பெண்ணை நிலைகுலையச் செய்யும். எனவே கருப்பரிசோதனைக்கு வரும்போதே கேட்டு, கர்ப்பிணிப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும்படி உங்கள் மாணவியருக்குக் கற்பிக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் 40 நாள் ஓய்வு அங்கேயும் உண்டு. அதுவரை தெரேய்ரோக் கடமைகள் எதுவும் இல்லை. நாட்டுக்கோழியைக் கொதிக்கவைத்த சாற்றில் மரவள்ளி மாவைக் கிளறிக் களிபோலச் செய்து பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். இது சமயச் சடங்கு அல்ல, வடகிழக்குப் பிரேசிலின் பொது வழக்கம். ஆனாலும் தெரேய்ரோவிலிருந்து முதலில் வந்து சேரும் பாத்திரம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.